அரிக்கும் படையும் உணர்ச்சியற்ற தேமலும்: பழவேற்காடு மீனவ மக்களுக்கான விளக்கம்

பழவேற்காடு ஏரி, பரப்பளவில் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதனைச் சார்ந்துள்ள ஊர்களில் நீரில் நின்று வலை இழுப்போர், கையால் துழாவி இறால் பிடிப்போர், மீன் தரம் பிரிப்போர் ஆகியோரின் தோல் நாளின் பெரும்பகுதி ஈரத்திலேயே இருக்கின்றது. ஆதலால் தோலில் தோன்றும் எந்த மாற்றத்தையும் "உப்புத் தண்ணீர் பட்டதால் வந்தது" எனக் கருதி விட்டுவிடும் வழக்கம் உள்ளது. அவற்றுள் இரண்டினைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

படர்தாமரை

இது பூஞ்சையால் உண்டாகும் தொற்று. வட்டமாகப் பரவும், ஓரம் சிவந்து செதில் உதிரும், அரிப்பு மிகும். செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்து இது உறுதி செய்யப்படுகிறது.

வாரணாசியில் 200 நோயாளிகளிடம் நான்கு வாய்வழி மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளியானது. 8 வார முடிவில் இட்ராகோனசோல் பெற்றோரில் 66 விழுக்காட்டினரும், டெர்பினாஃபின் பெற்றோரில் 28 விழுக்காட்டினரும் மட்டுமே குணமடைந்தனர். எனவே மருந்தையும் கால அளவையும் மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை உடனே அடக்கும். ஆனால் பூஞ்சை உள்ளே பரவும். மருத்துவர் சீட்டின்றி அதனை வாங்கிப் பூசுதல் கூடாது.

தொழுநோய்

வெளிறிய அல்லது சிவந்த தேமல், அரிப்பின்மை, தொடு உணர்ச்சிக் குறைவு, அவ்விடத்தில் வியர்வையும் முடியும் குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்குப் புருவ முடி உதிரும். காது மடல் தடிக்கும். கிருமி உட்புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகலாம். வலி இல்லாததே இந்நோயின் ஆபத்து. உணர்ச்சியிழந்த கையில் கெளுத்தி முள் குத்தினாலும், வலைக்கயிறு அறுத்தாலும், சூடான பாத்திரம் சுட்டாலும் தெரியாது. புண் ஆழமாகி விரல்கள் சிதையும்.

நோயாளியின் கண்களை மூடச் செய்து, பேனா முனையால் தேமலை மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைச் சுட்டிக்காட்டச் சொல்வதே முதற்கட்டப் பரிசோதனை. நரம்புத் தடிப்பும் தொட்டுப் பார்க்கப்படும். தேவைப்படின் தோல் கீறல் மாதிரி எடுக்கப்படும்.

இம்மண்ணில் நடந்த ஆராய்ச்சி

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் 1946-இல் டாப்சோன் மருந்தை ஊசி மூலம் செலுத்தி ஆராய்ந்தார். அங்கேயே 1955-இல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது.

டாப்சோனை மட்டும் தனியே கொடுத்தபோது கிருமி எதிர்ப்புத்திறன் பெற்றது. ஆகவே ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகியவை அடங்கிய கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது.

1990-களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 1,71,000 தன்னார்வலர்களிடம் தடுப்பூசி ஆய்வு நடைபெற்றது. பிசிஜி ஊசி மட்டும் 34 விழுக்காடும், அதனுடன் செயலிழக்கச் செய்த தொழுநோய்க் கிருமியைச் சேர்த்தபோது 64 விழுக்காடும் பாதுகாப்பளித்தன.

சிகிச்சை

தேமல்கள் ஐந்துக்குள் இருந்து, நரம்புப் பாதிப்பு குறைவாயின் 6 மாதங்கள். மிகுந்திருப்பின் 12 மாதங்கள். மருந்து அரசு நிலையங்களில் இலவசம். சிகிச்சை தொடங்கியபின் நோய் பிறருக்குப் பரவும் வாய்ப்பு விரைவில் நீங்கும். நோயாளியை ஒதுக்கத் தேவையில்லை. சிறுநீர் சிவத்தலும் தோல் கருத்தலும் மருந்தின் விளைவுகளே. அஞ்சி நிறுத்துதல் கூடாது.

உடனிருப்போருக்கு ஒரு வேளை ரிஃபாம்பிசின் வழங்கப்படுகிறது. வங்கதேச ஆய்வில் இது முதல் இரண்டாண்டுகளில் நோய் வாய்ப்பை 57 விழுக்காடு குறைத்தது.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

- அரிப்பற்ற, உணர்ச்சியற்ற தேமல்
- கை கால் மரத்தல், விரல் மடங்குதல், கண் இமை மூட இயலாமை
- சிகிச்சையின்போது நரம்பு வலி அல்லது தேமல் திடீரெனச் சிவந்து வீங்குதல்

கடைசியாகக் கூறிய நிலையில் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் நரம்பைப் பாதிக்கும். பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ காட்டுதல் வேண்டும். கடலுக்குச் செல்லும் நாள்களில் மாத்திரை அட்டையை ஈரம் படாத பையில் உடன் கொண்டு செல்லுதல் நலம்.