தீப்பெட்டி ஆபீசும் பள்ளிக்கூடமும்

வளரும் நாடுகளில் பிள்ளைகள் வேலைக்குப் போவதற்கு வறுமையே காரணம் என்பது வழக்கமான விளக்கம். சிவகாசியின் கதை அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறது.

மழை பொய்த்தால் கூலி வேலையும் கிடைக்காத கரிசல் பூமி அது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் அங்கே வேரூன்றியது. 1980களில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து விடியும் முன்னே பிள்ளைகளை பஸ்ஸிலும் வேனிலும் அள்ளிக்கொண்டு போனார்கள். 'கட்டை' எனப்படும் மரச்சட்டத்தின் இடுக்குகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கும் வேலை. எத்தனை கட்டை அடுக்கினார்களோ அத்தனைக்குத்தான் காசு. வீட்டுச் செலவுக்கென்று பெற்றோர் ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருந்தால், பிள்ளையை நிறுத்துவது லேசில் நடக்காது.

அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். பல வீடுகளில் அண்ணனோ தம்பியோ பள்ளிக்குப் போக, அக்காள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். வீடும் ஒன்று, வறுமையும் ஒன்று. யாருடைய படிப்பு வீட்டுக்குப் பயன் தரும் என்ற கணக்குத்தான் வேறு.

பள்ளியில் சோறு போட்டால் இந்தக் கணக்கு மாறும் என்பதைப் பக்கத்து விருதுநகரில் பிறந்த காமராசர் அறிந்திருந்தார். 1956இல் அவர் தொடங்கிய மதிய உணவை 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். பசி தணிந்தது, கடன் அப்படியே இருந்தது. அதனால்தான் சத்துணவு வந்த பிறகும் வேன்கள் ஓடின.

சட்டம் மட்டும் போதுமா? வங்கதேசம் அதற்குப் பதில் சொன்னது. குழந்தைகள் செய்த பொருள்களை இறக்குமதி செய்வதற்கு எதிராக 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் மசோதா கொண்டுவந்தார். ஆர்டர் போய்விடுமோ என்று பயந்த வங்கதேச ஆயத்த ஆடை ஆலைகள் ஆயிரக்கணக்கான சிறுவர்களை வெளியே அனுப்பின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை, கல்லுடைக்கப் போனார்கள். 1995இல் ஆலை அதிபர்கள், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.), யுனிசெப் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் பள்ளியோடு மாதம் 300 டாக்கா உதவித்தொகையையும் சேர்த்தது.

இந்திய உச்ச நீதிமன்றமும் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996இல் இதே வழியில் நடந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பதில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். தண்டனையைவிடப் பெரியவருக்கு வேலை என்ற பகுதிதான் தீர்ப்பின் உயிர்நாடி.

2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி முடிந்த பின்னும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு விலக்கும் தருகிறது. நாலு சுவருக்குள் நடப்பது உதவியா கூலி வேலையா என்று எந்த ஆய்வாளராலும் எளிதில் பிரித்தறிய முடியாது; சட்டத்தின் பலவீனமான இடம் இதுதான்.