கைகாட்டி இறங்கிய பின்

வகுப்பில் ஒருநாள் 'கைகாட்டி' என்றேன். மாணவர்கள் சாலையோர வழிகாட்டிப் பலகையை நினைத்துக்கொண்டனர். இரயில் வருமுன் கம்பத்தின் உச்சியில் சாய்ந்து இறங்கும் அந்த இரும்புக் கையை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. பொருள் மறைந்தால் சொல்லும் அனாதையாகிவிடுகிறது.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் இரயில் முதலில் எட்டியது புதுக்கோட்டை நகரை அன்று, அறந்தாங்கியை. மாயவரத்திலிருந்து 1894இல் முத்துப்பேட்டைக்கும் 1902இல் பட்டுக்கோட்டைக்கும் வந்த பாதை, 1903இல் அறந்தாங்கியைத் தொட்டது. அவ்வூர் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. தஞ்சை மாவட்டக் கழகம் வரி விதித்துத் திரட்டிய பணத்தில் அமைந்த பாதை அது. தொண்டைமான் சமஸ்தானத்தின் தலைநகரோ 1929 வரை காத்திருந்தது. அவ்வாண்டு திருச்சிராப்பள்ளியிலிருந்து பாதை வந்தது; 1930இல் மானாமதுரை வரை நீண்டது. 1952இல் அறந்தாங்கிப் பாதை காரைக்குடியில் வந்து இணைந்தது. 1974இல் இரு பகுதிகளும் ஒரே மாவட்டமாயின. ஆனால் தண்டவாளம் பழைய எல்லைகளை மறக்கவில்லை. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கு இரயிலில் போக விரும்புவோர் இன்றும் காரைக்குடியைச் சுற்றித்தான் போகவேண்டும்.

சொற்களும் இப்படித்தான். 'தண்டவாளம்' என்பதற்கு வார்ப்பிரும்பு என்றும் அகராதி பொருள் கூறும். பொருளின் பெயர் பாதைக்கு ஆகிவந்திருக்கிறது. புகை போன பின்னும் 'புகைவண்டி' ஓடுகிறது. ஈழத்தமிழர் 'புகையிரதம்' என்கின்றனர். 'தொடர்வண்டி' புகையைத் தவிர்த்துப் பெட்டிகளின் வரிசையைப் பெயராக்கிக்கொண்டது. மக்கள் நாவிலோ இவை அனைத்தையும் முந்திக்கொண்டு 'ரயில்' நிற்கிறது.

அந்தக் கைகாட்டியைக் காட்டுவதற்காகவே மேசைமேல் பழைய திருமயம் நிலையத்தின் மாதிரியொன்றை அமைக்கத் தொடங்கினேன். உலகெங்கும் பரவலாக விற்கும் மாதிரிகள் 87இல் ஒரு பங்கு அளவின. அவற்றின் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர், அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குரிய கணக்கு. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். 1000 மில்லிமீட்டர் மீட்டர்பாதைக்கோ ஏறத்தாழ 11.5 போதும். ஆகவே கடைச்சரக்கு நம் இரண்டு பாதைகளுக்குமே பொருந்தாது. குறுக்குக்கட்டைகளை மூங்கில் சீவலில் நானே நறுக்கி, 12 மில்லிமீட்டர் இடைவெளியில் தண்டவாளம் ஒட்டினேன். திருச்சி–புதுக்கோட்டைப் பாதை முழுவதையும் இதே அளவில் அமைக்க அரைக் கிலோமீட்டருக்கு மேல் இடம் வேண்டும். எனக்கு வாய்த்தது இரண்டு மீட்டர் மேசை. அதில் ஒரு நடைமேடை, பின்னால் அட்டையில் கோட்டைப் பாறை, முனையில் ஒரு கைகாட்டி.

நூலை இழுத்தால் கை இறங்கும். அதைக் கண்ட மாணவி ஒருத்தி, "இறங்கினால் வரலாம் என்று பொருளா ஐயா?" என்றாள். ஆம் என்றேன். மீட்டர்பாதை இம்மாவட்டத்தில் இனி இல்லை. ஒரு சொல்லுக்கு மட்டும் அன்று பொருள் திரும்பக் கிடைத்தது.