‘பிளார்னி’ என்னும் சொல்லின் வரலாறு: ப்ரூவர் கருத்துக்கு ஒரு மறுப்பு

இனிக்கப் பேசிக் காரியம் சாதிப்பதைக் குறிக்கும் ‘பிளார்னி’ என்னும் ஆங்கிலப் பேச்சுவழக்குச் சொல், அயர்லாந்தில் கார்க் நகருக்கு அருகிலுள்ள பிளார்னி கோட்டையின் பெயரிலிருந்து வந்தது என்பது தெரிந்ததே. ஊர்ப்பெயர் எப்படி ஒருவகைப் பேச்சின் பெயராயிற்று என்பதில்தான் சிக்கல்.

இதற்கு எபனேசர் கோபம் ப்ரூவரின் சொற்றொடர் அகராதி (முதற்பதிப்பு 1870) தரும் விளக்கமே இன்றும் செல்வாக்குடன் இருக்கிறது. 1602-இல் கோட்டைத் தலைவர் கோர்மக் மக்கார்த்தி, மன்ஸ்டர் மாகாணத்தை ஆண்ட ஜார்ஜ் கேரூவிடம் கோட்டையை ஒப்படைக்க உடன்பட்டாராம். ஆனால் நாள்தோறும் நயமான பேச்சைத் தவிர வேறொன்றும் கேரூவுக்குக் கிட்டவில்லையாம். எலிசபெத் அரசியின் அமைச்சர்கள் கேரூவை எள்ளி நகையாடினார்களாம். ப்ரூவர் இதை வழிவழிக் கதை என்றே குறிக்கிறார். பின்வந்தோர் பலர் அந்த எச்சரிக்கையைக் கைவிட்டுக் கதையை வரலாறாக்கிவிட்டனர்.

கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கும் இச்சொல்லின் அறியப்பட்ட பழைய அச்சுப் பதிவுகளுக்கும் இடையே நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உள்ளது. அச்சில் இல்லாததாலேயே வழக்கில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே இடைவெளியைவிடப் பொருளையே நான் முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன்.

பிரான்சிஸ் குரோஸ் 1785-இல் லண்டனில் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியில் உள்ள பதிவு நின்று படிக்க வேண்டியது. அதில் மக்கார்த்தியும் இல்லை, கேரூவும் இல்லை. கோட்டையின் உச்சியில் முக்கோண வடிவக் கல் ஒன்று இருக்கிறது. அதை எட்டுவது மிகக் கடினம். ஏறியவருக்குத் துணிவும் விடாமுயற்சியும் உண்டென்று மதிப்பு. ஏறாமலே ஏறியதாகச் சொல்லிக்கொண்டவர்கள் பலர். இதனால் ‘டிப் த பிளார்னி’ என்றால் வியப்பூட்டும் கதையோ பொய்யோ சொல்வது என்கிறார் குரோஸ். முகத்துதி என்ற பொருளிலும் சில வேளைகளில் வழங்குவதாகக் கடைசியில்தான் சேர்க்கிறார். இந்த வரிசை முக்கியமானது. ப்ரூவர் சொல்வதுபோல் நயமொழியே வேர் என்றால் துதிப்பொருள் முன்னே நிற்க வேண்டும். இங்கே முன்னே நிற்பது வீம்புப் பேச்சு. மேலும், குரோஸின் பதிவில் கல்லை நக்குகிறார்கள்; இன்றைய வழக்கம்போல் முத்தமிடவில்லை.

இதற்கு எதிராகக் காட்டத்தக்கது கோல்ட்ஸ்மித்தின் ‘தி விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்’ (1766). அதில் உயர்குடிப் பெண்ணாக நடித்து ஒரு குடும்பத்தை ஏமாற்றுபவளின் பெயர் லேடி பிளார்னி. நயவஞ்சகப் பொருள் அப்போதே இருந்தது என்று இதை வைத்து வாதிடலாம். ஆனால் அவளுடைய முதல் ஏமாற்று, தனக்கில்லாத தகுதியை உண்டென்று காட்டுவது. ஏறாத கல்லில் ஏறியதாகச் சொல்வதும் அதே செயல். கோல்ட்ஸ்மித் அயர்லாந்துக்காரர் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பாத்திரப் பெயர் மட்டும் இவ்வளவு பாரம் தாங்குமா என்று கேட்டால், தனியே தாங்காது. குரோஸின் பதிவோடு சேர்ந்தால் தாங்கும் என்பேன்.

குரோஃப்டன் குரோக்கர் என்பவர் 1824-இல் தம் நூலை எழுதும்போது கல் முத்தமிடும் கல்லாகிவிட்டது. முத்தமிட்டவருக்குக் கூசாமல் பொய் சொல்லும் உரிமை கிடைப்பதாக நம்பிக்கையும் வந்துவிட்டது. நக்குவது முத்தமிடுவதாக மாறியது குரோஸ், குரோக்கர் ஆகிய இருவரின் நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்திருக்கலாம்; அதைவிடக் குறுக்கிச் சொல்லச் சான்று இடந்தரவில்லை. குரோக்கரிடத்திலும் பொய்தான் முன்னிற்கிறது. 1602-ஆம் ஆண்டுக் கதை, சொல் வழக்கில் ஊன்றிய பிறகு அதற்குக் காரணம் காட்டக் கட்டப்பட்டது என்பதே என் முடிவு.