சாயலும் இயைபும்: ஆங்கிலப் படநூல்களில் தாய்–சேய் ஒப்புமை

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்னும் பழமொழி உடற்சாயலை ஒலிச்சாயலால் நிறுவுகிறது. பிள்ளை, சேலை ஆகிய சொற்களின் ஈறு ஒத்திருப்பதே கூற்றுக்குச் சான்றுபோல் நிற்கிறது. இளஞ்சிறார்க்கான ஆங்கிலப் படநூல்களும் இப்பொருளை எடுத்தாண்டுள்ளன. அவற்றுட் சில இயைபுத் தொடையில் அமைந்தவை. சாயல் உறவுக்குச் சான்றாகுமா என்பதே அவற்றின் உள்ளுறை வினா. பெற்றோரின் முகம் வாய்க்காத குழந்தையும் தத்தெடுக்கப்பட்ட குழந்தையும் அந்நூல்களை மடியில் அமர்ந்து கேட்கும் என்பதால், அது வெறும் கதைநுட்பம் பற்றிய வினா அன்று. 1940 முதல் 2000 வரையிலான நான்கு நூல்களின் வழி அவ்வினாவுக்கான விடைகள் மாறிய வகையை இக்கட்டுரை ஆராய்கிறது.

தியோடர் சூஸ் கைசல் என்னும் இயற்பெயர் கொண்ட டாக்டர் சூஸின் 'ஹார்ட்டன் ஹாட்ச்சஸ் தி எக்' 1940இல் வெளிவந்தது. முழுவதும் இயைபு அமைந்த பாட்டு. சோம்பல் மிக்க மேய்சி என்னும் பறவை தன் முட்டையை ஹார்ட்டன் என்னும் யானையிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்று திரும்பாதிருக்கிறது. பனியிலும் ஏளனத்திலும் யானை அடைகாக்கிறது. வேட்டைக்காரர்களால் சர்க்கசுக்கு விற்கப்பட்ட பின்னும் முட்டையை விட்டு எழவில்லை. முட்டை பொரியும் வேளையில் மேய்சி உரிமை கோருகிறது. ஓட்டை உடைத்து வெளிவருவதோ துதிக்கையும் யானைக் காதும் வாலும் கொண்ட சிறகுயிர். வளர்ப்பே தாய்மை என்று நூல் கூறுவதாகக் கொள்வது எளிது. ஆயினும் அவ்வளர்ப்பு வழக்கில் வெல்வதற்கு உடலின் கையொப்பம் தேவைப்பட்டது. குஞ்சு மேய்சியைப் போலவே பிறந்திருந்தால் ஊரார் யார் பக்கம் நின்றிருப்பர் என்னும் கேள்வியை நூல் எழவே விடவில்லை.

1960இல் வெளியான பி. டி. ஈஸ்ட்மனின் 'ஆர் யூ மை மதர்?' உரைநடை நூல். தாயைக் காணாமலே பொரிந்த குஞ்சு, பூனைக்குட்டி, கோழி, நாய், பசு என உயிர்களையும், பின்னர்ப் படகையும் விமானத்தையும் தாயோ என வினவுகிறது. தாயைக் கண்டதும் ஐயமின்றி அறிந்துகொள்கிறது. எவ்வாறு அறிந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. 1992இல் ஆங்கிலத்தில் வெளிவந்த கெய்கோ கசாவின் 'எ மதர் ஃபார் சோக்கோ' இதற்கு நேர்மாறானது. ஒட்டகச்சிவிங்கியின் நிறம், பெங்குயினின் சிறகு என ஒவ்வோர் ஒப்புமையாகத் தேடித் தோற்ற பறவைக்குஞ்சு, எவ்வகையிலும் தன்னை ஒவ்வாத கரடியிடம் சேர்கிறது. கரடியின் வீட்டில் வளரும் பிள்ளைகள் நீர்யானை, முதலை, பன்றி. சாயல் இங்கு மறுக்கப்படுகிறது. மறுப்பு வெளிப்படையாக இருப்பதால் நூலில் அறவுரையின் நெடி சற்று மிகுதி.

ஜூலியா டொனால்ட்சன் எழுதி ஆக்சல் ஷெஃப்லர் படம் வரைந்த 'மங்கி பசில்' (2000) சாயலை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அதனைப் பார்ப்பவர் யார் என்று கேட்கிறது. தாயைத் தொலைத்த குரங்குக்குட்டிக்கு வண்ணத்துப்பூச்சி ஒன்று உதவ முன்வருகிறது. தாய் தன்னினும் பெரியவள் என்கிறது குட்டி. பூச்சி யானையிடம் அழைத்துச் செல்கிறது. குட்டி அடுத்தடுத்துச் சொல்லும் அடையாளங்களால் பாம்பு, சிலந்தி, கிளி, தவளை, வௌவால் எனத் தேடல் தடம் மாறி, மீண்டும் யானையிடமே வந்து நிற்கிறது. குட்டி சொன்ன எதுவும் பொய்யன்று. ஒவ்வோர் அடையாளமும் தாய்க்கும் பொருந்துகிறது, பிறிதோர் உயிர்க்கும் பொருந்துகிறது. தருக்க நூலார் அதிவியாத்தி என்று வகுத்த இலக்கணக் குற்றம் இதுவே. தன்னைப் போன்றவள் தாய் என்னும் ஓர் அடையாளத்தை மட்டும் குட்டி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்றே கருதியிருந்தது. பூச்சிக்கோ அது தோன்றவே வழியில்லை. அதன் பிள்ளைகள் புழுக்கள். அவற்றுள் ஒன்றுகூடத் தாயைப் போல இல்லை.

குரங்கின் இயல்பறிவு ஓர் இனத்தின் பட்டறிவு மட்டுமே என்பது இங்குப் புலனாகிறது. கசாவின் நூல் அறவுரையால் செய்ததை இந்நூல் ஒரு பிழையால் செய்கிறது. தாயை ஒவ்வாத பிள்ளைகள் இங்கு இரக்கத்துக்குரியவர் அல்லர். பூச்சியின் குடும்பத்தில் அதுவே இயல்பு.

இதில் யாப்பின் பங்கும் கருதத்தக்கது. ஈரடிகளின் ஈற்றுச்சொற்கள் ஒலியால் இணையும்போது கேட்கும் குழந்தை விடை கிடைத்துவிட்டதாக நிறைவடைகிறது. பூச்சி தவறான உயிரிடம் அழைத்துச் செல்லும் இடங்களிலும் இயைபு சற்றும் வழுவுவதில்லை. ஒலி ஒத்து உரு ஒவ்வாத அந்த முரணே நகைச்சுவைக்கு இடமாகிறது. பழமொழியில் சான்றாக நின்ற ஈற்றொலி இங்குப் பொய்ச்சான்றாகிறது.

உண்மை விளங்கிய பின்னரும் பூச்சி குட்டியை நேரே மந்தியிடம் கொண்டு சேர்க்கவில்லை. குட்டியை ஒத்த உயிரைத் தேடிச் சென்று அது காட்டுவது தந்தையாகிய கடுவனை. கடுவனே குட்டியைத் தாயிடம் அழைத்துச் செல்கிறது.