கோணல் பாதச் சத்திரசிகிச்சையும் மலையகக் குழந்தைகளும்

பிறக்கும்போதே பாதம் உள்நோக்கித் திரும்பி, குதிகால் மேலே தூக்கி நிற்பது கோணல் பாதம். ஏறத்தாழ 1,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இது பெரும்பாலும் தனியே வரும். பல மூட்டுகள் இறுகிப் பிறக்கும் ஆர்த்ரோகிரிப்போசிஸ் என்ற அரிய நிலையோடு வந்தால், நிமிர்த்திய பாதமும் மீண்டும் வளையக்கூடும். கோணல் பாதத்தின் இறுகிய இணைப்புகளை ஒரே தடவையில் அறுத்து விடுவிக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் டர்கோ 1971இல் வெளியிட்டார். பாதம் சத்திரசிகிச்சை மேசையிலேயே நேரானது. ஆனால் வளைந்த பக்கத்துத் தோல் குட்டை. நிமிர்த்தியதும் அது போதாமல் சிலருக்குத் தையல் விரியும், புண் சீழ் வைக்கும், ஆறிய தழும்பு கணுக்காலை இறுக்கும். இப்படி விரிவாக வெட்டப்பட்டவர்களைச் சுமார் 30 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. பலருக்கு விறைப்பும் வலியும் மூட்டுத் தேய்வும் இருந்தன. அமெரிக்காவின் அயோவாவில் மருத்துவர் இக்னேசியோ பொன்செட்டியோ 1940களின் இறுதியிலிருந்து வேறு வழியில் போனார். பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி வாரந்தோறும் மாவுக்கட்டு. ஐந்தாறு கட்டுகளுக்குப் பின் பெரும்பாலும் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு. பிறகு நான்கு வயது வரை இரவில் பட்டை பூட்டிய சப்பாத்து. அவருடைய நோயாளிகளைச் சராசரி 34 வயதில் பார்த்த 1995 ஆய்வில் 78 வீதத்தினரின் பாதம் நன்றாகவே இருந்தது.

இந்த இரு வழிகளில் எது ஏற்றது என்ற கேள்வி மலையகத் தோட்டங்களிலும் எழுகிறது. இலங்கைத் தோட்டங்களுக்கு மருத்துவத்தைச் சட்டமாக்கியது 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். தொழிலாளியை வேலைக்குத் திருப்பி அனுப்புவதே அதன் முதல் அக்கறை. கைக்குழந்தையின் பாதம் அந்தக் கணக்கில் வரவில்லை என்றே கருத வேண்டும். பொன்செட்டி முறை தோட்டத்துக்கு ஒத்துவராது என்ற வாதம் இன்றும் வலுவானது. வாரம் ஒரு நாள் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ பஸ் ஏறினால் தாய்க்கு அன்று பேர் (நாட்கூலி) இல்லை; ஒழுகும் லயன் வீட்டில் கட்டு ஊறிப்போகும்; ஒரே வெட்டில் முடிப்பதே ஏழைக்கு உகந்தது என்பார்கள். பயணச் சுமை உண்மைதான், முடிவு தவறு. வெட்டிய காலுக்கும் மாவுக்கட்டு உண்டு, புண் பார்க்கும் நாட்கள் உண்டு. திரும்ப வளைந்தால் தழும்பின் மேல் மறுபடியும் வெட்ட வேண்டும். கொழுந்து மலையின் சரிவில் ஏறுபவருக்குக் கணுக்கால் மேல்நோக்கி மடங்கியாக வேண்டும்; சமதரையில் சமாளிக்கக்கூடிய விறைப்பு அங்கே ஒவ்வோர் அடியிலும் வலிக்கும். ஆர்த்ரோகிரிப்போசிஸ் குழந்தைகளில் சிலருக்குக் கத்தி தவிர்க்க முடியாதது. அவர்களுக்கும் கட்டு முதலில் வந்தால் வெட்டு சிறியதாகும். பிறந்த முதல் வாரங்களிலேயே பாதத்தைப் பார்த்து கிளினிக்குக்கு அனுப்புங்கள். கிளினிக் நாளிலும் தோட்ட நிர்வாகம் தாய்க்கு முழுப் பேர் போடட்டும்.