முதல் பந்தை வீசியவர்



மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும் நமது கரிசல் மண்ணில் ஹாக்கி எவ்வாறு வேரூன்றியது என்று வெளியூரார் வியப்பதுண்டு. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்த கோவில்பட்டியார்க்கு அது வியப்பன்று. ஆகவேதான், ஹாக்கி மட்டையோடு கிரிக்கெட் பந்தையும் கையில் ஏந்திய ஒருவரின் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எம்.ஜே. கோபாலன் செங்கற்பட்டு வட்டாரத்து மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்தார். வளர்ந்தது சென்னைத் திருவல்லிக்கேணியில். அவருடைய வேகப்பந்து வீச்சைக் கண்ட சி.பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், பர்மா ஷெல் நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைக்க வழி செய்தார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அது. முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது!

மறு ஆண்டே தியான்சந்தோடு நியூசிலாந்து சென்று ஹாக்கி ஆடினார்.

1936இல் இரண்டு பாதைகள் ஒரே வேளையில் திறந்தன. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி அணியில் இடம்பெறும் வாய்ப்பு ஒருபுறம்; இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியில் இடம் மறுபுறம். அவர் கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்டார். விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையில், பிணக்குகள் மலிந்த அந்தப் பயணத்தின் மூன்று டெஸ்ட்களில் ஒன்றிலும் அவரை ஆடவிடவில்லை. ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் ஜெர்மனியை 8-1 என வென்று ஹாக்கி அணி தங்கம் பெற்றது.

அவர் பிழை செய்தார் என்போர் பலர். விளைவு தெரிந்தபின் தீர்ப்புரைப்பது எளிது. ஆயினும் 1928இலும் 1932இலும் நம் ஹாக்கி அணி தங்கம் வென்றிருந்தது. எதை விட்டுச் செல்கிறோம் என்பதை அவர் அறியாதவர் அல்லர். அறிந்தே தெரிந்துகொண்டார் என்பதுதான் எனக்கு அவர்மேல் மதிப்பை உண்டாக்குகிறது. விளையாட்டா, படிப்பா என்று பிள்ளைகளுக்காக என்னிடம் கேட்க வரும் பெற்றோரே, உங்களுக்கு என்னிடமும் ஆயத்தமான விடை இல்லை.

திரும்பி வந்த கோபாலன் கசந்து ஒதுங்கிவிடவில்லை. 1950களின் தொடக்கம் வரை சென்னைக்காக ஆடினார். பின்னர் தேசிய அணியின் தேர்வாளருமானார். 1952-53 முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த ஆட்டத்துக்கு, அவர் உயிரோடிருக்கையிலேயே, கோபாலன் கோப்பை என்று பெயரிட்டார்கள். டெஸ்ட் தகுதி பெறாத அந்நாளைய இலங்கை வீரர்கள் தங்கள் திறமையை உரசிப் பார்த்துக்கொண்ட களங்களுள் அதுவும் ஒன்று.

2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் அவர் மறைந்தபோது வயது 94. ஆடிய டெஸ்ட் ஒன்று. எடுத்த விக்கெட்டும் ஒன்று.