இரண்டு கொடிகளுக்கு நடுவே ஒரு ஆட்டக்காரர்



கால்பந்தில் கோல் போட்டவர் பெயர்தான் ஊருக்குத் தெரியும். நடுக்களத்தில் ஆடுபவர் எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து, முன்னே ஓடுகிறவருக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அப்படிப்பட்ட ஒருவர் இரண்டு நாடுகளின் போருக்கு நடுவில் சிக்கிய கதையை இன்று சொல்கிறேன்.

அவர் பெயர் ஒஸ்வால்டோ ஆர்டிலெஸ். 1952இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் பிறந்தவர். சட்டம் படித்தவர். உருவத்தில் சிறியவர். 1978இல் அர்ஜென்டினா தன் சொந்த மண்ணில் உலகக் கோப்பையை வென்றபோது, அந்த அணியின் நடுக்களம் அவர் கையில் இருந்தது. நாடு அப்போது ராணுவ ஆட்சியில் இருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு கதவு திறந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களை அநேகமாக வெளியே நிறுத்தி வைத்திருந்த பழைய விதி நீக்கப்பட்டது. டாட்டன்ஹாம் அணியின் மேனேஜர் கீத் பர்கின்ஷா உடனே பியூனஸ் அயர்ஸுக்கு விமானம் ஏறினார். ஆர்டிலெஸுடன் அவருடைய தோழர் ரிக்கார்டோ வில்லாவையும் சேர்த்து அழைத்து வந்தார். லண்டன் ரசிகர்கள் அர்ஜென்டினா வழக்கப்படி காகிதத் துண்டுகளைத் தூவி வரவேற்றார்கள். ஆனால் அந்த முதல் உள்ளூர் ஆட்டத்தில் 4-1 என்று தோல்வி. சில நாளில் லிவர்பூலிடம் 7-0. வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கே சரிப்பட்டு வராது என்று சொல்ல ஆள் இருந்தது. இருவரும் பொறுமையாக ஆடினார்கள். 1981இல் எஃப்.ஏ. கோப்பை கைக்கு வந்தது. வெற்றி கோலை அடித்தவர் வில்லா.

இனிதான் வரலாறு குறுக்கே வருகிறது.

1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினப் படை ஃபாக்லாந்து தீவுகளில் இறங்கியது. அர்ஜென்டினர்களுக்கு அவை மால்வினாஸ். அந்தத் தீவுகள் யாருடையவை என்ற வழக்கு தலைமுறை தலைமுறையாக நடந்தது. உள்நாட்டில் செல்வாக்கு சரிந்த தளபதிகளுக்கு அது வசதியாகக் கிடைத்தது. மறுநாள் ஏப்ரல் 3, லெஸ்டர் அணியுடன் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. ஆர்டிலெஸ் களம் இறங்கினார். பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம் எதிரணி ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். டாட்டன்ஹாம் ரசிகர்களோ, "அர்ஜென்டினா" என்று பதிலுக்கு முழங்கினார்கள்! போர் தொடங்கிய மறுநாள், ஆங்கில மண்ணில், ஆங்கிலேயர் வாயால். டாட்டன்ஹாம் 2-0 என்று வென்றது.

உலகக் கோப்பைப் பயிற்சிக்காக முன்பே முடிவானபடி அவர் தாய்நாடு திரும்பினார். மே 1 அன்று அர்ஜென்டின விமானப்படை விமானி ஹோசே ஆர்டிலெஸ் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். அவர் இவருடைய சொந்தக்காரர், பெரியப்பா சித்தப்பா பிள்ளை முறை. ஒரே குடும்பத்தில் ஒருவர் பிரிட்டிஷ் படையோடு மோதி மடிகிறார். மற்றவருக்குச் சோறு போட்ட ஊர் லண்டன். அந்த மே மாதம் டாட்டன்ஹாம் மீண்டும் எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது இறுதி ஆட்டத்தில் ஆர்டிலெஸும் இல்லை, வில்லாவும் இல்லை.

ஜூன் 13 அன்று பார்சிலோனாவில் அர்ஜென்டினா பெல்ஜியத்திடம் 1-0 என்று தோற்றது. மறுநாள் தீவில் அர்ஜென்டினப் படை சரணடைந்தது. 74 நாள் போரில் அர்ஜென்டினர் 649 பேரும் பிரிட்டிஷார் 255 பேரும் மாண்டார்கள்.

உடனே லண்டன் திரும்ப அவரால் முடியவில்லை. பாரிஸ் செயின்ட் ஜெர்மேன் அணிக்குத் தற்காலிகமாகப் போனார். ஆனால் 1983இல் டாட்டன்ஹாமுக்கே திரும்பி வந்தார். காயங்கள் வாட்டினாலும் 1984 யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார், கோப்பை கிடைத்தது. 1988 வரை அங்கேயே இருந்தார். 1993இல் அதே அணிக்கு மேனேஜரும் ஆனார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, அரசுகள் போட்ட சண்டைக்கு ஒரு தனிமனிதரைக் கணக்குத் தீர்க்கச் சொல்வது எங்கும் நடக்கிறது. 1982இல் ஒரு அரங்கத்தின் பாதி அதைத்தான் செய்தது, மறுபாதி மறுத்தது. நம் தெருவுக்கு வெளியூர்க்காரர் ஒருவர் பிழைக்க வரும்போது நாம் எந்தப் பாதியில் நிற்கிறோம் என்று யோசியுங்கள்.